இரண்டு பெடல் வண்டி

பதினோரு மணிக்கு வாங்குகிற ஆள் வந்து வண்டியை ஓட்டிப் போய்விடுவார் என்று அத்தான் சொன்னபோது மணி ஒன்பதே கால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவள். வாடிக்கையாளர் ஒருவரின் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பழைய காரை அக்கா வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தது என் வேலை. அக்காவின் இடது முழங்கால் இரண்டு வருஷமாக மடங்குவதில்லை. கிளட்ச் மிதிக்க வழியில்லை. ஊரெல்லாம் சுற்றியவள் இப்போது மருந்து வாங்கக்கூட அத்தானுக்காகக் காத்திருக்கிறாள். இந்த வண்டியில் கியர் தானாக மாறும். இருப்பது இரண்டே பெடல், வலது கால் ஒன்று போதும். எங்கள் கைக்கு எட்டிய ஆட்டோமேட்டிக் இது ஒன்றுதான்.

ஆனால் கியர் போட்டதும் வண்டி உதைத்தது. நேற்று கேட்டையே இடிக்கப் பார்த்தது.

"ஒரு காலு போனது போதும்," என்றார் அத்தான். "பதினொண்ணுக்குள்ள உதைக்காம ஓடிச்சுன்னா, வேணாம்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

நியாயமாகத்தான் பேசினார். அதனால் கோபம் இன்னும் கூடியது.

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இரண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்தால், காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். இரண்டும் ஒரே மாதிரி இரைந்தன. போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த வேலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆகவே கியர்பாக்ஸ்தான் திருடன் என்று ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பக்கவாட்டில் நின்றுகொள்ள, அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி, பிரேக்கை அழுத்திக்கொண்டு கியர் போட்டாள். தொம்மென்று வண்டி குலுங்கியது.

"ஏன்டி, நான் பிரேக்லதானே இருக்கேன்? ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே கியர் போட்ட மாதிரி இருக்கு."

"உனக்கு என்ன தெரியும், சும்மா இரு."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு மெல்லிய கேபிள் போகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். தொட்டுப் பார்த்தேன். விறைத்து நின்றது.

கேபிளைச் சனிக்கிழமை சரிசெய்தேன். மறுநாள், என்ஜின் அணையாமல் இருக்கட்டும் என்று கார்புரேட்டர் திருகுகளை ஏற்றிவிட்டேன். அது கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டது. சட்டையைத் தைத்துவிட்டு அப்புறம் அளவெடுத்திருக்கிறேன். யாரும் மிதிக்காமலே மிதித்ததாக நம்பிய கியர்பாக்ஸ் உதைக்காமல் என்ன செய்யும்?

"அக்கா, நீ சொன்னதுதான் சரி."

"எழுதிக் குடு. மாட்டி வைக்கிறேன்."

சிரிக்க நேரமில்லை. பத்து மணி. இரண்டு திருகுகளையும் சம அளவு இறக்கினேன். மறுபடி குழாய், மறுபடி காது. வேகம் குறைந்து, சத்தம் ஒன்றானது. அதற்குப் பிறகுதான் கேபிளின் நட்டைத் தளர்த்தினேன். விரல் சுட்டது, விடவில்லை. கேபிளில் மயிரிழை தொய்வு விட்டு இறுக்கினேன்.

"போடு."

அக்கா கியர் போட்டாள். என்ஜின் சத்தம் லேசாகத் தாழ்ந்தது. அவ்வளவுதான்.

"போட்டியா?"

"போட்டுட்டேனே."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தெருக்கோடி வரை போய் வந்தோம். இரண்டாவது கியர் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி அக்கா என்னைப் பார்த்தாள்.

"எறங்கு."

"எதுக்கு?"

"ரெண்டு வருஷமா யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கீங்க. எறங்குடி."

இறங்கினேன். வண்டி முனையில் திரும்பி மறைந்தது. பதினோரு மணிக்கு அத்தான் அந்த ஆளுடன் வந்தபோது ஷெட் காலியாக இருந்தது. நான் மட்டும் ஸ்பேனரோடு நின்றிருந்தேன்.

"வண்டி எங்கம்மா?" என்றார் வந்தவர்.

அத்தான் காலி ஷெட்டைப் பார்த்தார். சுவரோரம் சாய்ந்திருந்த அக்காவின் ஊன்றுகோலைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரம்மா வெளிய போயிருக்காங்க."