கந்தசட்டி பிடித்த கெளிறுகள்

அயல்வீட்டு ஞானசவுந்தரி அக்கா மடியிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி என் கண்ணாடித் தொட்டிக்குள் எறிந்ததும், அடியில் கிடந்த மூன்று கெளிறுகளும் விர்ரென்று மேலே வந்து, வாயைத் திறந்துவிட்டுக் கீழே போயின.

"பாத்தியே சறோ! கோயில் கேணி மீன்மாதிரி என்னைக் கண்டோடனை ஓடிவருதுகள்!"

"உங்கடை கைராசி அக்கா" என்று பூரித்துப்போனாள் என் மனைவி சறோஜினிதேவி.

மாத்தறையில் முப்பது வருடம் நடத்திய கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, எழுபத்தெட்டாம் ஆண்டு சொந்த ஊரான சரவணைக்குத் திரும்பியபோது, கொழும்பில் வாங்கிய இந்தக் கெளிறுகளைப் போத்தலில் விட்டு யாழ்தேவியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பார்க்க எழும்பிய சனத்தின் பாரத்தில் ரயில் ஒரு பக்கம் சரிந்தது. நம்பாதவர்கள் அனுராதபுரம் ஸ்டேசனில் விசாரிக்கலாம். பெருவிரலளவு உடம்பு, அதற்கு உடையார் மீசை. தொலைத்த மோதிரத்தைத் தேடுவதுபோல நாள் முழுக்க மணலைக் கிண்டித் திரியும். எங்கள் கிணறு உவர் என்பதால், மண்கும்பானிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தேன். எங்கள் தேத்தண்ணிக்கு அரைக் குடம், மிச்சமெல்லாம் அவர்களுக்கு. மணலும் அங்கிருந்துதான். சிப்பித்துண்டு கிடந்தால் மீசை தேய்ந்துவிடுமென்று புட்டு மாவைப்போல அரித்தெடுத்தேன். எந்த அரிதட்டில் என்பது சறோவுக்கு இன்றுவரை தெரியாது.

பொரிதான் வினையானது. அது மிதக்கும், ஊறும், அழுகும். அடியில் மேய்கிற சீவன்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமுமில்லை. இடைக்கிடை மேலே வந்து காற்றுக் குடிப்பது இவற்றின் பழக்கம். ஓயாமல் வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று மீன் விற்றவன் சொல்லியிருந்தான். பார்க்க வந்த சனமோ, மீன்கள் பசியில் வருகின்றன என்று இன்னும் எறிந்தது.

சறோவிடம் சொன்னேன். "மாத்தறையிலை இத்தனை வரியமா ஒருத்தர் எங்கடை படி மிதிச்சதே? இப்பதான் நாலு சனம் வருது. வரவேண்டாமெண்டு சொல்லச் சொல்லுறியளோ?" என்றாள். அவள் கண் கலங்கியதால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

ஐப்பசியில் ஒரு காலை, தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கிடந்தது. எல்லாவற்றிலும் சின்னது ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. பொரியை வழித்தெடுத்து, கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, கிடாரத்தில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை மெல்ல மெல்ல விட்டேன். கை காயுமுன்னே வாசல் படலையடியில் அக்கா, மடி நிறையப் பொரியோடு.

என் நாக்கு தன்பாட்டில் புரண்டது.

"அக்கா, இண்டைக்குக் கந்தசட்டி விரதம் தொடங்குதெல்லே? இதுகளும் பிடிக்குதுகள்."

"என்னது?"

"தண்ணி மட்டும்தான். மீசையைப் பாருங்கோ, சவரமும் எடுக்கிறேல்லை."

அக்கா கை கூப்பிவிட்டார். மத்தியானத்துக்குள் செய்தி குறிகட்டுவான் துறையில் லோஞ்சியேறிக் கடல் தாண்டி நயினாதீவுக்குப் போய்விட்டது. சனம் முன்னையைவிடக் கூடுதலாக வந்தது; ஆனால் ஒருவரும் பொரி எறியவில்லை. சுற்றியிருந்து பாட்டுப் படித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் விடிய, நறுக்கிய மண்புழுவை இரகசியமாகத் தொட்டிக்குள் விடும்போது சறோ பிடித்துவிட்டாள்.

"விரதகாரருக்குப் புழுவோ?"

"மெல்லக் கதையும்."

அவள் குனிந்து பார்த்தாள். சாய்ந்து கிடந்த சின்னது நிமிர்ந்து நின்று மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது. படலை கிறீச்சிட்டது. சறோ சட்டென்று சேலைத் தலைப்பை விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்றாள்.

விரதம் முடிக்கும் பாறணையன்று விடிந்ததும் அக்கா வாழையிலையில் சோறுகறியோடு வந்தார். பின்னால் ஊரில் பாதி. ஆறு நாள் பட்டினியில் எல்லார் முகமும் வாடியிருந்தது.

"முதலிலை இதுகள் பாறட்டும். பிறகுதான் நாங்கள் வாய் வைப்பம்."

சறோ என்னைப் பார்க்கவேயில்லை.

"பொரி வேண்டாமக்கா. தாழுற சாப்பாட்டிலைதான் இதுகள் பாறும்" என்று, இலையிலிருந்து அவித்த பயறு ஒன்றை எடுத்துத் தோல் உரித்து நசித்துப் போட்டாள்.

அது சுழன்று சுழன்று இறங்கியது. மணலுக்குள்ளிருந்து மூன்று சோடி மீசைகள் அந்தப் பக்கம் திரும்பின. வெளியே, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, அத்தனை சனமும் வாயைத் திறந்தபடி நின்றது.