கடிக்காத எலிக்கு ஒரு சிவப்பு அட்டை

விலங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவுகிறவளை எல்லாரும் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலாளருக்கும் அவள் கூண்டக்காதான். பொய் சொல்லத் தெரியாதவள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் சொல்லும் முதல் பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த முதல் பொய்யை இரண்டு நாள் விடுமுறைக்காகச் சொன்னாள். தங்கை வீடு மாற்றுகிறாள், சாமான் கட்ட ஆள் இல்லை. நாலு தடவை கேட்டும் மேலாளர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடித்தார். அன்று காலை ஒரு கூண்டின் தகரம் கிழித்து விரலில் ரத்தம் வந்தது. தகரம் கிழித்தால் மருந்தைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். விலங்கு கடித்தால் இரண்டு நாள் கட்டாய ஓய்வு. காப்பகத்துச் சட்டம் அப்படி. கூண்டக்கா படிவத்தை எடுத்து மளமளவென்று எழுதினாள். 'கடித்த விலங்கு' என்ற இடத்தில் பேனா நின்றது.

நாய் என்று எழுதினால் நாய்ப் பயிற்சியாளர் சண்டைக்கு வருவார். பூனை என்று எழுதினால் பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள். மூலையில் ஒரு வளர்ப்பு எலி இருந்தது. ஏதோ கல்லூரி விடுதியில் பிடிபட்டு வந்தது. தலை கறுப்பு, உடம்பு வெள்ளை. தண்ணீர் மாற்றப் போனால் அவள் சட்டைக் கைக்குள் நுழைந்து தோள் வரைக்கும் ஏறி வரும். அதற்காகப் பரிந்து பேச அங்கே ஒரு ஆளும் இல்லை. எலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் தங்கை வீட்டில் கட்டுப் போட்ட விரலோடு அட்டைப்பெட்டி கட்டினாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தால், எலிக் கூண்டில் சிவப்பு அட்டை தொங்குகிறது. 'ஆக்ரோஷமானது. கடிக்கும். கை நீட்டாதீர்கள்.'

சிவப்பு அட்டை என்றால் பத்து நாள் கவனிப்பு. அதற்குள் யாராவது வந்து எடுத்துப் போனால் பிழைத்தது. இல்லையென்றால் பதினோராம் நாள் காலையில் டாக்டர் ஊசி போட்டு முடித்துவிடுவார். வருஷக்கணக்காக அங்கே வேலை செய்கிறவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். ஒரு எலிக்கு இவ்வளவு மரியாதை செய்வார்கள் என்று அவள் என்னத்தைக் கண்டாள்!

அட்டை தொங்கியதுதான் தாமதம், அதுவரை அந்த எலியை ஏறெடுத்துப் பார்க்காதவர்களுக்கெல்லாம் அதன் குணம் அத்துப்படியாகிவிட்டது. "அதோட முழியே சரியில்ல, பார்த்தியா?" என்றார் நாய்ப் பயிற்சியாளர். முழங்கை வரை வருகிற தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு தூக்கினார்கள். எந்த எலிக்குத்தான் பிடிக்கும்? அது கீச்சிட்டது. 'சீறியது' என்று கவனிப்பு நோட்டில் ஏறியது. பயந்துபோய் மூலையில் ஒண்டிக்கொண்டது. 'பதுங்குகிறது' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு மேலாளர் கூண்டுப் பக்கமே போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே தினமும் 'நேற்றைப் போலவே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூண்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் துணிந்து மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த எலி என்னைக் கடிக்கல."

"என்ன?"

"தகரம் கிழிச்சுது சார். லீவுக்காக நான்தான் பொய் எழுதினேன்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பாசத்தோடு பார்த்தார். "உங்க மனசு எனக்குத் தெரியாதா அக்கா? கடிச்ச எலிக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

"ஐயோ, நெஜமா சார்."

"நோட்டைப் பாருங்க. சீறியிருக்கு, பதுங்கியிருக்கு. ஏழு நாளும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்ப நான் பார்க்காமலேயா போட்டேன்?"

ஆமாம் என்று சொன்னால் வேலை போகும். அவள் வாசல் பக்கம் திரும்பினாள். மேலாளர் வாசல் வரை வந்து, "விரலுக்கு மருந்து தடவுறீங்களா?" என்று வேறு விசாரித்தார். வாழ்நாளில் முதல்முறை சொன்ன பொய்யை நம்பிய மனிதர், உண்மையை நம்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒருவர் வந்தார். சோபா தைக்கிறவர். சட்டை முழுக்கப் பஞ்சு.

"ஏம்மா, கடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

கூண்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடிக்கிறதா?"

"நாய் வேணாம், சோறு போட்டு மாளாது. சின்னதா, ஆனா மூர்க்கமா ஒண்ணு வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்டாட்டியோட தம்பி. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தான், எட்டு மாசம் ஆச்சு. ஊருக்கெல்லாம் சோபா தைக்கிறேன். என் வீட்டு சோபால எனக்கு உட்கார எடமில்ல. இருபத்துநாலு மணி நேரமும் அவன் படுத்துக் கெடக்கான். கரப்பான் பூச்சியைக் கண்டாலே அலறுவான். அதான் யோசிச்சேன்."

கூண்டக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக எலிக் கூண்டுக்கு அழைத்துப் போனாள். சோபாக்காரர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எலி அவரையே பார்த்துக்கொண்டு மூக்கை ஆட்டியது.

"பார்த்தா சாதுவா இருக்கே?"

"சாதுவா?" என்றாள். எலிக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. "என் விரலைப் பாருங்க. எலும்பு தெரிஞ்சுது. அட்டை சும்மா மாட்டுவாங்களா?"

சோபாக்காரர் முகம் மலர்ந்தது. கையெழுத்துப் போட்டு எலியைக் கூண்டோடு வாங்கிப் போனார். எலியை மாட்டிவிட்டதும் பொய், காப்பாற்றியதும் பொய் என்று நினைத்து அன்று ராத்திரி அவள் சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

நாலே நாளில் போன் வந்தது.

"என்னம்மா, இது கடிக்கவே மாட்டேங்குது! அவன் மடியில தூங்குது!"

"புது எடம் இல்லையா? பழகினா கடிக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எடுத்துப் போன விலங்கை ஒரு மாதம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். அந்த எலியோடு பழக்கம் உள்ளவள் என்று மேலாளர் அவளையே அனுப்பினார்.

சோபாக்காரர் வீட்டில், நல்ல பச்சை நிறச் சோபாவில், சொன்னபடியே மச்சினன் படுத்திருந்தான். அவன் வயிற்றின் மேல் எலி படுத்திருந்தது. சோபாக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க" என்று அவர் எழுந்துவிட்டார். "முன்னே இவன் ஒருத்தன்தான் படுத்துக் கெடந்தான். இப்ப எலிக்குத் துணை வேணும்னு சொல்லி பாத்ரூமுக்கே ஓடிப்போயிட்டு ஓடி வரான். எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. ஏமாத்தி என் தலையில கட்டிட்டீங்க."

"திருப்பி எடுத்துக்கிட்டா..." என்று அவள் தடுமாறினாள்.

"எடுத்துக்கிட்டா என்ன?"

"சிவப்பு அட்டை போட்டது திரும்பி வந்தா உடனே ஊசிதான். கொன்னுடுவாங்க."

மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். எலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "இது என்ன தப்பு செஞ்சுது? ஒருத்தரையும் கடிக்கலையே! யாரைக் கடிச்சுதுன்னு அட்டை போட்டீங்க?"

இன்னொரு பொய் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மச்சினன் கையிடுக்கில் கறுப்புத் தலை மட்டும் தெரிந்தது. கூண்டக்காவால் முடியவில்லை.

"என்னைக் கடிச்சுதுன்னு எழுதினேன். கடிக்கல. எனக்கு ரெண்டு நாள் லீவு தேவைப்பட்டுச்சு. எலியைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்கன்னு எழுதிட்டேன்."

மேலாளர் நம்பாததை இவன் உடனே நம்பினான். ஒன்றும் திட்டவில்லை. எழுந்து ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்தான். கூண்டை எடுத்தான். எலியைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எங்கடா கெளம்பிட்ட?" என்று உள்ளேயிருந்து அவன் அக்கா ஓடிவந்தாள்.

"ரூம் பாத்துக்கறேன்க்கா. லாண்டரிக் கடையில ஆள் கேக்கறாங்க, நாளைக்குப் போறேன். மாமா இதைத் திருப்பிக் கொடுத்தா கொன்னுடுவாங்களாம்."

எட்டு மாதம் சாடையாகவும் நேராகவும் சொல்லிப் பார்த்து நடக்காத காரியம் ஐந்து நிமிஷத்தில் நடந்துவிட்டது. சோபாக்காரர் சந்தோஷப்படலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்தது. சோபா காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் திரும்பப் போய் ஸ்டூலிலேயே உட்கார்ந்தார்.

கூண்டக்கா வாசலில் அவனை மறித்தாள். சொல்லிவிட்டதில் மனசு லேசாகியிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சின்னக் கால்கள் தன் கையில் ஏறுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

"தம்பி, ஒரே ஒரு நிமிஷம் என் கையில குடுங்க. அது என்னை மறந்திருக்காது."

அவள் குரல் கேட்டதும் எலி சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டி அவள் விரல் பக்கம் மோப்பம் பிடித்தது. அதற்கு ஒரு விரோதமும் இல்லை. மச்சினன்தான் ஓரடி பின்வாங்கிப் பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"இது யாரையும் கடிக்காதுங்க" என்றான். "எனக்கு உங்களை நெனச்சாத்தான் பயமா இருக்கு. கையை நீட்டாதீங்க."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். கூண்டக்கா கையை இழுத்துக்கொண்டு, அவன் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.