ஜெயராமின் நாடித்துடிப்பு

மாட்டுங்காவிலுள்ள அந்தக் கல்லூரியில் லிஃப்ட் பழுதாகி ஆறு வருஷமாகிறது. உடற்கல்வித் துறைத் தலைவர் மகாதேவன் அதை 'ஆசிரியர் உடற்தகுதித் திட்டம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டார். தரச்சான்றுக் குழு வரும் நேரத்தில் இதைவிட மலிவான திட்டம் யாருக்கும் தோன்றவில்லை.

மணிக்கணக்குச் சம்பளத்தில் பதினாறு வருஷமாகப் பொருளாதாரம் நடத்தும் ஜெயராமுக்கு வேலை நிரந்தரமாக ஒரே ஒரு தாள்தான் பாக்கி: உடற்தகுதிச் சான்று. கையெழுத்திட வேண்டியவர் மகாதேவன். போன மாதம்தான் செம்பூர் டாக்டர் அவனுக்கு இதயத்தில் இரண்டு அடைப்பு என்றார். துடிப்பை அடக்கி வைக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆபரேஷன் முடியும்வரை மாடிப்படி ஏறக் கூடாது என்றார். அவன் வகுப்போ நாலாவது மாடியில்.

"மகாதேவன் சாரண்ட சொல்லிடுங்கோளேன்," என்றாள் மனைவி பத்மஜா.

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலேன்னா?"

அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டான்.

தினமும் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள், ஓடுகிறீர்கள் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் மகாதேவன் கேள்வித்தாள் கொடுத்திருந்தார். டோம்பிவிலியிலிருந்து ரயிலில் நின்றே வந்து, நின்றே பாடம் நடத்தி, நின்றே திரும்புகிற ஜெயராம் உள்ளதை எழுதினான். கூட்டிப் பார்த்ததில் கல்லூரியிலேயே முதலிடம். 'வாழ்க்கைத் தரம்: மிக உயர்வு' என்று மகாதேவன் குறித்துக்கொண்டார்.

குழுவின் முன்னால் உடற்தகுதிச் சோதனைக்கு மரப்பெட்டிமேல் ஏறி இறங்கிக் காட்ட வேறு யாரைத் தேட வேண்டும்?

"அஞ்சே நிமிஷம், ஜெயராம். பொட்டி மேல ஏறு, எறங்கு. ஏக்தம் ஸிம்பிள்."

"வேற யாராவது, சார்..."

"ஏன், ஒடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டவர் கையில் சான்றிதழ் இருந்தது.

"ஒண்ணுமில்ல, சார்."

சோபாவில் குழுவின் மூன்று பெரியவர்கள் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். மகாதேவன் கைதட்டி எண்ண, ஜெயராம் ஏறினான், இறங்கினான். மூன்றாம் நிமிடத்தில் இடது தாடை வலித்தது. நாலாம் நிமிடத்தில் தோளிலிருந்து விரல்வரை கை கனத்தது. ஐந்து முடிந்து நாற்காலியில் விழுந்தபோது மகாதேவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மற்றவர்களுக்கு நூற்றைம்பதைத் தொட்டிருக்கும். மாத்திரைக்குக் கட்டுப்பட்ட நாடி எழுபத்தெட்டில் நின்றது.

"எழுபத்தெட்டு," என்று மகாதேவன் அறிவித்தார். "நாப்பத்தெட்டு வயசுல. பந்தயத்துல ஓடறவனோட ஹார்ட் இது."

கைதட்டல் கேட்டது. ஜெயராம் சிரிக்க முயன்றான். மூச்சு பாதியிலேயே நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகாதேவன் பேனாவைத் திறந்தார். அதற்குள் சோபாவிலிருந்து ஏதோ சொன்னார்கள். குனிந்து கேட்டுவிட்டு வந்தார்.

"குழுத் தலைவர் ஃபோன்ல இருந்தாராம், பாக்கலையாம். இன்னொரு தரம் ஏறிடு. கையோட கையெழுத்தும் போட்டுடறேன்."

"ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டு, சார்..."

"அவாளுக்கு ஃப்ளைட் இருக்குடா."

ஜெயராம் மூடி திறந்த பேனாவைப் பார்த்தான். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, வலது காலைப் பெட்டிமேல் வைத்தான்.

"ஒண்ணு," என்று மகாதேவன் கைதட்டினார்.