சத்தமில்லாத நான்கு நிமிஷம்

வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை, சட்டை கசங்காத அந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோகிறார், புதுக் குக்கரோடு பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டி அவர் முகத்தையே பார்க்கிறாள், அவர் என்னவோ சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்க முடியாது, ஏனென்றால் விளம்பரம் வந்ததுமே என் கணவரின் கட்டைவிரல் ரிமோட்டில் சத்தத்தை அடைக்கும் பொத்தானை அழுத்திவிட்டது, ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையாகி, பொத்தானில் இருந்த படமும் அழிந்துபோயிற்று, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு டிவி மனிதருக்காகத் தானே பேசுகிறார், எல்லாம் சரி அம்மிணி, உப்புப் போட மறந்துட்டயே, நான் உரித்துக்கொண்டிருந்த வேகவைத்த கடலையின் தொலியை அவர்மேல் வீசுகிறேன், கல்யாணமான மறுநாள் ஒரே ஒருக்கா மறந்தேனுங்க, அதை டிவிக்குள்ள வரைக்கும் கொண்டுபோயாச்சு, அவர் சிரிக்கிறார், இல்லை, சிரித்தார், எட்டு மாதமாக எனக்கு நேற்றும் இன்றும் ஒன்றோடொன்று கலந்து போகின்றன.

சீரியலில் பேசுவது காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம், அதையே சாக்காக வைத்துக்கொண்டு விளம்பரக்காரன் காதுக்குள் வந்து கத்துவான், செய்தி போட்டால் கீழே இரண்டு வரி ஓடும், மேலே ஒரு வரி ஓடும், நடுவில் நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுவார்கள், எதைப் படிக்க, யாரைக் கேட்க, சீரியலில் ஒருத்தி கன்னத்தில் ஓர் அறை வாங்கினால் அதை மூன்று பக்கமிருந்தும் மூன்று தடவை காட்டிவிட்டுத் தொடரும் என்று போடுவார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது. முப்பத்தோரு வருஷம் கோபிக்கும் சத்திக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே தன் சத்தத்தை வைத்துப் பழகிய தொண்டை, கத்தறவனை என்ன பண்றது புள்ள, அவன் வாயை அடைச்சுட்டு நாம பேச வேண்டியதுதான் என்பார், பேசுவார், பற்பசை விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரும் டாக்டருக்கு, எனக்கே ரெண்டு பல்லு ஆடுதுங்க, எதுக்கும் வேற டாக்டரைப் பாத்துக்குங்க, உள்ளூர் ஜவுளிக்கடை முதலாளி கடை வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, உள்ள வந்துட்டுச் சும்மா போயிராதீங்க, படியில எம் மச்சான் நிக்கறான், எனக்குக் கடலை புரையேறும். சிரித்து ஓய்ந்தால் அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கும், வேப்பமரத்தில் அடைகிற குருவிகளின் சண்டை கேட்கும், அந்த நான்கு நிமிஷத்தில்தான் நாங்கள் குடித்தனமே நடத்தினோம், எங்கள் பெண் வளர்மதிக்கு ஓசூர் மாப்பிள்ளையை முடிவு செய்தது ஒரு சோப்பு விளம்பரத்துக்கும் ஒரு சிமெண்டு விளம்பரத்துக்கும் நடுவில்தான்.

தை மாதத்தில் ஒரு காலை, பல் விளக்கப் போனவர் கையிலிருந்து சொம்பு விழுந்தது, எடுங்க என்றேன், எடுக்கவில்லை, என்னாச்சுங்க என்றேன், வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பக்கவாதம் என்றார்கள், கால் திரும்பி வந்தது, வலது கை பாதி வந்தது, பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனைப் படத்தையும் நாற்காலிப் படத்தையும் நீட்டி இது என்னங்கய்யா என்று கேட்டாள், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், ஒரு பஸ் ஜனத்தையே அதட்டி உட்காரவைத்த மனுஷனிடம் பூனையைக் காட்டினால் பின்னே என்ன செய்வார், வாசலில் வைத்து அவள் என்னிடம், பேசுங்க பேசுங்கன்னு நெருக்காதீங்கம்மா, நெருக்கினா இன்னும் அடைச்சுக்கும், வரலாம், வராமயும் போகலாம் என்றாள். எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும், திட்டினாலும் போதும், அந்தக் குரலுக்காக உடம்பெல்லாம் ஏங்கிக் கிடந்தேன், தூங்கினால் பஸ்ஸில் போகிறேன், படியில் நின்று அவர் ஊர்ப்பேர் சொல்கிறார், உதடு அசைகிறது, சத்தம் இல்லை, யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள், நான் சீட்டுக்கு அடியில், கூடைக்குள், பக்கத்துப் பெண்ணின் மடியில் எல்லாம் ரிமோட்டைத் தேடுகிறேன், பஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

வளர்மதி வந்தபோது இன்டர்நெட்டில் சீரியல் காட்டும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை டிவியோடு மாட்டிவிட்டாள், அப்பாவுக்கு அமைதியா இருக்கட்டும்மா, இனி விளம்பரத் தொல்லையே கிடையாது என்றாள், எத்தனை வருஷமாகத் திட்டியிருப்பேன் அந்த விளம்பரங்களை, மகராசி, நல்ல காரியம் செய்தாய் என்று வழியனுப்பினேன். அறை வாங்கியவள் வாங்கியதும் அழுதாள், அழுததும் கிளம்பினாள், இடைவேளையே இல்லாமல் கதை வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது, மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பார்த்தேன், புது ரிமோட் டிவி மேசையில் கிடக்கிறது, பழைய ரிமோட் அவருடைய இடது கையில், கட்டைவிரல் அந்த ஓட்டைமேல், அழுத்தத் தயாராக, கதையைப் பார்க்கவில்லை அவர், விளம்பரம் வரக் காத்திருக்கிறார், வராத விளம்பரத்துக்காக மூன்று நாளாகக் காத்திருக்கிறார். அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்து கேபிள்காரரைக் கூப்பிட்டேன், அவர் பழைய ஒயரை மாட்டிக்கொண்டே, இத்தனை வருசத்துல விளம்பரம் வேணும்னு ஆள் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தானுங்க்கா என்று சிரித்தார், சிரிக்கட்டும்.

அன்றைக்கு விளம்பரம் வழக்கம்போலக் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது, எனக்குத் தேனாக இருந்தது, அவர் விரல் அழுத்தியது, குழாய் சொட்டியது, குருவி கத்தியது, குக்கர் மனிதரைப் பார்த்து அவர் உதடு துடித்தது, அவ்வளவுதான், விளம்பரம் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அவரை நெருக்கத்தானே கூடாது என்றாள் பேச்சுப் பயிற்சிப் பெண், நான் பேசக் கூடாது என்று சொல்லவில்லையே, அதற்கடுத்த நாள் நானே குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு குக்கர் மனிதருக்காகப் பேசினேன், அம்மிணி, உன்னையாட்ட ஆக்கறதுக்கு இந்த ஜில்லாவுலயே ஆளில்ல, அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, டிக்கெட் வாங்காமல் ஒளிந்தவனைப் பார்க்கிற பார்வை, தலையை வேகமாக ஆட்டினார், இந்த விளம்பரத்துக்கு அவர் வைத்திருந்த வசனத்தை மட்டும் நான் தொடவில்லை, அது அவர் சொத்து, தினமும் என்னையே நான் புகழ்ந்துகொண்டேன், தேவாமிர்தம் அம்மிணி, உங்கைக்கு வளையல் போடோணும் அம்மிணி, தினமும் அவருக்குக் கோபம் ஏறியது, ஆறாம் நாள், குக்கர் மனிதர் கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோகிறார், நான் வாயைத் திறக்கிறேன், இவர் இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார், என்னை நிறுத்தச் சொல்லித்தான், அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, ஏதோ அடியில் கிடந்து புரண்டு மேலே வந்தது, உப்பு, என்றார். கரகரவென்று, பாதி காற்றாக, ஆனால் அவர் குரல், என் வீட்டுக் குரல், டிவியில் அந்த மனிதர் வாயை அசைக்கிறார், சத்தம் இல்லாத அந்த வாய்க்குள்ளிருந்து என் புருஷன் பேசிவிட்டார். விளம்பரம் முடிந்துவிட்டது, சீரியலில் ஒருத்தி ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், பொத்தானை மறுபடி அழுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, ஒரு கடலைத் தொலியை எடுத்து அவர்மேல் வீசினேன், ஆமாங்க, மறந்தேதான் போயிட்டேனுங்க என்றேன்.