எலிக்குஞ்சுகளின் பத்தாம் நாள்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது கோசிகாவுக்குக் கழுத்து மரத்துப் போயிருந்தது. எட்டு மாதமாக இதே வேலை. எலிக்குஞ்சுகளின் அட்ரினல் சுரப்பியை மெல்லிய தாளாகச் சீவி, பிறந்து எத்தனையாம் நாளில் எவ்வளவு நரம்பு அதற்குள் பரவியிருக்கிறது என்று எண்ண வேண்டும். பத்தாம் நாள் குஞ்சுகள்தான் அவளைப் படுத்தின. பாதிக் குஞ்சுகளில் நரம்பு அடர்ந்திருந்தது. மீதிப் பாதியில் இழை இழையாகக் கிடந்தது.

“சாயம் சரியாக ஏறவில்லை, கழித்துவிட்டு எழுதி முடி” என்றார் பேராசிரியர். கழித்தால் ஆவணிக்குள் ஆய்வேடு முடியும். கல்யாணமும் நடக்கும். அதை அவளே இரண்டு தரம் தள்ளிப் போட்டிருந்தாள்.

கன்ரீனில் கிருசாந்தன் காத்திருந்தான். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆய்வு எலிகளைப் பராமரிப்பவன்.

“முதல்ல சாப்பிடும். முகத்தைப் பார்த்தா எலியே பரிதாபப்படும்.”

“பகிடி விடாதேங்கோ. நரம்பு குறைஞ்சதுகள் எல்லாம் சனி ஞாயிறு பிறந்ததுகள். அந்த ஷிப்டில கூட்டில வயசுக் கார்ட் எழுதுறது ஆர்?”

“நான்தான்.”

“பிறந்த நாளை எத்தினையாம் நாள் எண்டு எழுதுவீங்கள்?”

“முதலாம் நாள். வேறென்ன? வீட்டில பிள்ளை பிறந்தாலும் அண்டையில இருந்துதானே தீட்டுக் கழிக்க முப்பத்தொரு நாள் எண்ணுறது.”

கோசிகா கரண்டியை வைத்தாள். “இஞ்ச அதைப் பூச்சியம் எண்டு எண்ணுறது, கிருசாந்.”

அவன் முகம் வெளிறியது. அவன் எழுதிய பத்து, உண்மையில் ஒன்பது. சாயத்தில் பிழையில்லை, அந்தக் குஞ்சுகளுக்கு ஒருநாள் வயது குறைவு, அவ்வளவுதான். ஆனால் பத்தாம் நாள் கணக்கு இப்போது பாதிதான் கையில். திரும்பச் செய்ய இன்னும் நாலு மாதம்.

“சொல்லாமக் கழிச்சு விட்டா ஆருக்கும் தெரியாது” என்றாள், தட்டைப் பார்த்தபடி.

“உமக்குத் தெரியுமே. சொல்லும். பிழை என்ர எண்டும் சொல்லும்.” குரல் தணிந்தது. “அப்ப ஆவணியும் இல்லை, என்ன?”

அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். களைப்பு எலும்பு வரை இறங்கியிருந்தது.

“ஆவணியிலயே கட்டுவம்” என்றாள். “களைப்பு எப்பிடியும் போகாது. ஒரு வீட்டில இருந்து சேர்ந்து களைப்பம்.”

அவன் நம்பாமல் பார்த்தான். “உண்மையாவோ?”

“ஓம். எழும்புங்கோ, பேராசிரியரிட்டப் போவம். ரெண்டு பேரும்.”

லிப்ட் வரும்வரை நிற்கத் தெம்பில்லாமல் அவன் தோளில் சாய்ந்து கொண்டாள்.