இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஏற்காடு கடைவீதியில் அமீர் ஜானின் ஸ்வெட்டர் கடை வாசலில் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டைச் சேர்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். சேலத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸில் அவர்கள் வரவில்லை. அதன் கண்டக்டர் இதைச் சத்தியம் செய்து சொன்னார். ஜீப்பிலும் வரவில்லை. வரிசையின் தலை கடை வாசலில் இருந்தது, வால் ஏரிக்கரை ரோட்டுத் திருப்பத்தில் இருந்தது. அன்றைக்கு நல்ல மழை. ஊரே நனைந்தது, அவர்கள் மட்டும் நனையவில்லை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் நாட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை, காலில் செம்புழுதி. சாயங்காலம் ஆறு மணிக்குக் காணாமல் போனார்கள். மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே இடத்தில் நின்றார்கள்.

காரணம் அமீர் ஜானின் மகள் அஃப்சானா. அந்த நாட்டில் பல வருஷமாகச் சண்டை. எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதைச் சண்டைக்காரர்களே எண்ணிக்கொள்வார்கள். எத்தனை வீட்டில் மாவு இல்லை, எத்தனை கூடாரம் கிழிந்திருக்கிறது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதையெல்லாம் எண்ணுவதற்குத்தான் வெளியிலிருந்து ஆள் வேண்டியிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது ஏழைக்குக் கொடுப்பதற்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஒரு நிவாரண நிறுவனத்தின் சார்பில் இந்தத் தேவைக் கணக்கெடுப்பை ஒன்பது வருஷமாக முன்னின்று நடத்தியவள் அஃப்சானா. அவள் அனுப்பும் பட்டியலைப் பார்த்துத்தான் லாரிகள் புறப்படும். அந்த வருஷம் விமான நிலையத்தில் குண்டு விழுந்ததும் நிறுவனம் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டது. அப்போது ஒரு முகாம் மட்டும் மிச்சமிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஏற்காட்டிலிருந்தே போனில் முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள், லைன் அறுந்துவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்கு ஒருவராக அவர்களே வந்துவிட்டார்கள். போனில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் நேரில் வந்தோம் என்று முன்னால் நின்ற பெண் சொன்னாள். அவள் பேசியது அவள் நாட்டு மொழி. ஏற்காட்டில் கேட்டவர்கள் காதில் அது சேலத்துப் பேச்சாகவே விழுந்தது. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, மற்ற சந்தேகங்களே போதுமானதாக இருந்தன.

பக்கத்துக் கடையில் தைலமும் மிளகும் விற்கும் சந்திரசேகர்தான் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். இவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவர் முதல் நாளே கண்டுபிடித்தார். இரண்டாம் நாள் எஸ்டேட் வேலைக்குக் குறைந்த கூலி ஆட்கள் என்று மாற்றிக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டார். முகாம் டோக்கனை நீட்டினார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே எழுதி அனுப்பினார், பதில் இன்னும் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூன்றாம் நாள் பக்கத்து மலைக் கிராமமான நாகலூரிலிருந்து நாற்பது பேர் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு, எதற்கு என்று பிறகு கேட்பது நம் பழக்கம். அவர்களில் கண்ணாயி என்பவர் ரேஷன் கார்டை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களே நிற்கிறார்கள் என்றால் சும்மா இருக்காது என்று விளக்கம் வேறு சொன்னார். அஃப்சானாவுக்கு அவர்களைப் பிரித்தெடுப்பதில் சிரமமே இல்லை. நனைந்தவர் உள்ளூர், நனையாதவர் முகாம். நாற்பது பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். எங்கள் ஊரிலும் நோயாளியைக் கட்டிலில் வைத்துத்தான் ரோட்டுக்குத் தூக்கி வருகிறோம், அதை எந்தப் பட்டியலில் எழுதுவாய் என்று கண்ணாயி கேட்டுவிட்டுப் போனார்.

வரிசைக்காரர்களும் அவளை நம்பியதாகச் சொல்ல முடியாது. இதற்கு முன் ஆறு நிறுவனங்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தன. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறவில்லை, மாவும் வரவில்லை என்றாள் அந்த முதல் பெண். ஆளுக்கு நாற்பத்து மூன்று கேள்வி. நாளுக்குப் பதினொரு பேரை முடிக்க முடிந்தது. முடிந்தவர்களும் இடத்தை விட்டு நகரவில்லை. பட்டியல் கையெழுத்தாகும்வரை நிற்போம் என்றார்கள். அதனால் அஃப்சானாதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு வரிசையோடு நகர்ந்தாள். அவர்கள் நாட்டில் மழை தொடங்கி ஆற்றுப் பாதை அடைபட முதல் நாளிலிருந்து இருபத்தைந்து நாள் இருந்தது. அதற்குள் கையெழுத்தானால் லாரிகள் ஆற்றைக் கடந்துவிடும். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான். மூன்று மாதத்தில் அந்த வரிசையில் எத்தனை பேர் குறைவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கையும் அவள் பல முறை எடுத்திருக்கிறாள்.

இந்த நாட்களில் அவள் யாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது தன் அத்தாவைத்தான். அமீர் ஜான் காலை ஒன்பது மணிக்கு டீக்குப் போகிறேன் என்று மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்புவார், சந்திரசேகரிடம் கடையை ஒப்படைப்பார், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். எந்த டீக்கும் ஒன்பது மணி நேரம் ஆகாது. வரிசையை விரட்டச் சொல்லி வியாபாரிகள் எழுதும் மனுவில் அவரும் சேர்ந்திருக்கிறார் என்று அஃப்சானா முடிவு கட்டினாள். அதற்குப் பழைய காரணம் ஒன்று இருந்தது. வரிசை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு அவள் அம்மா மைமூன் இறந்தபோது அவள் முகாமில் இருந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். நான்காம் நாள் வந்து சேர்ந்தாள். ஏன் உடனே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போனவளுக்கு இதுதான் தண்டனை என்று அத்தா நினைத்துவிட்டார் என்பது அவள் எண்ணம். கேட்கக்கூடத் தோன்றவில்லையே என்பது அவர் எண்ணம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் குழம்பைப் பற்றியும் ஷட்டர் பூட்டைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

இருபதாம் நாள் மூன்று பேர்தான் பாக்கி. அன்றைக்குச் சென்னையிலிருந்து ஜாபெஸ் வந்தார். நிறுவனத்தின் சரிபார்ப்பு அதிகாரி. பெற்ற தாயின் பிறந்த தேதிக்கே இரண்டு சான்று கேட்கக்கூடியவர். கடல் தாண்டி வந்து நிற்கும் வரிசையைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கவலை. கையில் வைத்து அமுக்கும் எண்ணியோடு வாசலிலிருந்து வால்வரை நடந்தார். இருநூற்றுப் பதின்மூன்று வந்தது. திரும்ப எண்ணினார், மூன்றாவது முறையும் எண்ணினார், அதேதான். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஓர் ஆள் கூடினால் பொய் ஆள் என்று பொருள், ஒரு பொய் ஆள் இருந்தால் பட்டியலே ரத்து என்பது விதி. உள்ளூர்க்காரர் யாராவது நுழைந்திருப்பார் என்றாள் அஃப்சானா. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜாபெஸ் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாத் தோளும் காய்ந்திருந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் கடைசியாக நின்றவர் தோளும் காய்ந்துதான் இருந்தது, வெயிலில் சுட்டது. அவர் முகத்தில் வியர்வை ஓடியது, செருப்பில் செம்புழுதி. மங்கி குல்லாவுக்குள் இருந்தவர் அமீர் ஜான்.

அஃப்சானா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இவர் என் அத்தா என்று வாயைத் திறந்தால் முடிந்தது கதை. கணக்கெடுப்பவரின் சொந்தக்காரர் வரிசையில் இருந்தால் பட்டியலைக் கிழித்துப் போடுவதோடு நிற்கமாட்டார்கள், அவள் ஒன்பது வருஷம் எழுதிய அத்தனையையும் தோண்டுவார்கள். இல்லை, இவர் யாரென்று தெரியாது என்றால் பொய் ஆள் ஆகிவிடுவார், அப்போதும் ரத்துதான். ஜாபெஸ் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அமீர் ஜானுக்கு முன்னால் நின்றிருந்த பெண், இருபது நாளில் யாரையும் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், அப்போது வாயைத் திறந்தாள்.

"இவரு எங்களோட நிக்கற ஆளுதானுங்க. மொத நாள்ல இருந்து எனக்குப் பின்னாடி நிக்கறாரு. ஒரு நாளும் முந்தலீங்க."

நனையாதவரைக் கழிக்க விதி இல்லை என்று ஜாபெஸ் யோசித்துச் சொன்னார். பதிவு விட்டுப்போன ஆளாக இருந்தால் சேர்க்கலாம். ஆனால் நாற்பத்து மூன்று கேள்வியும் தன் எதிரிலேயே கேட்கப்பட வேண்டும், பதிலில் ஓட்டை இருந்தால் ரத்து. அஃப்சானா முதலில் பாக்கி மூன்று பேரை முடித்தாள். பிறகு நாற்காலியை ஓரடி நகர்த்திப் போட்டு உட்கார்ந்து புதுப் படிவத்தை எடுத்தாள். அத்தாவின் முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. வரிசையில் எல்லோரும் அவளுக்குச் சொன்ன மரியாதையோடு அவரும் பதில் சொன்னார். பெயர் அமீர் ஜான். தொழில் சிறு வியாபாரம். வீட்டில் முன்பு மூன்று பேர், பிறகு இரண்டு, பிறகு ஒருவர். தண்ணீர் குழாயில் வருகிறது. வேளை தவறிய சாப்பாடு உண்டா என்று கேட்டபோது, தனியாக ஆக்கித் தின்னப் பிடிக்காமல் விட்டது கணக்கில் வருமா என்று திருப்பிக் கேட்டார். வரும் என்று ஜாபெஸ் சொன்னார். இருபத்தொன்பதாவது கேள்வி வீட்டில் நேர்ந்த சாவைப் பற்றியது. அதை அவள் அந்த இருபது நாளில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருந்தாள்.

"சம்சாரமுங்க. பேரு மைமூன். நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கொண்டு போனனுங்க. மலை ரோட்டுல பதினோராவது வளைவுல லாரி ஒண்ணு வழிய அடைச்சு நின்னு போச்சு. அங்கயே முடிஞ்சிருச்சுங்க."

அடுத்து, சிகிச்சை கிடைக்காததற்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

அது படிவத்தில் இல்லை. ஜாபெஸ் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. அமீர் ஜான் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுச்சுங்க. 'பாப்பாவுக்கு இப்பப் போன் போடாதீங்க. அங்க நொம்ப பேரு அவளுக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க, பாதியில எந்திரிச்சு வந்துருவா'ன்னுச்சு. அதுனாலதான் சொல்லலீங்க. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல. இங்க நின்னாக் கேப்பாங்கன்னு நின்னனுங்க."

அஃப்சானா அழுதாள். மறைக்கவும் இல்லை. ஜாபெஸ் எதுவும் கேட்காமல் படிவம் நனைந்துவிடாதபடி குடையை நகர்த்திப் பிடித்தார். மிச்சக் கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒன்றையும் விடவில்லை. கடைசிக் கேள்வி, மிக அவசரமான தேவை ஒன்றே ஒன்று. இப்படி யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் அமீர் ஜான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. 'இதர' என்ற இடத்தில் அவள் அதை அப்படியே எழுதினாள்.

ஜாபெஸ் இருநூற்றுப் பதின்மூன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். கடைவாசலில் 'அமீர் ஜான் ஸ்வெட்டர்ஸ்' என்று ஒரு முழ உயரத்துக்குப் பலகை இருக்கிறது. அதை அவர் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காதது போலப் போனாரா என்று கடைவீதியில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. அன்று சாயங்காலம் காணாமல் போன வரிசை மறுநாள் வரவில்லை. பாதை அடைபட மூன்று நாள் இருக்கும்போது லாரிகள் ஆற்றைக் கடந்தன. முகாமில் மாவும் தார்ப்பாயும் இறங்கிவிட்டதாக, அமீர் ஜானுக்காகப் பேசிய அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள். மாவை நிறுத்துப் பார்த்தபோது சரியாக இருந்தது என்றும், அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அமீர் ஜானுக்குரிய பங்கு சேலம் லாரி ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. தார்ப்பாயைக் கண்ணாயி நாகலூருக்கு எடுத்துக்கொண்டு போனார், பட்டியல் எதிலும் எழுதாமல்.

மார்கழியில் விமான நிலையம் திறந்தது. போகட்டுமா என்று அஃப்சானா கேட்டாள், போய் வா கண்ணு என்று அவர் பையைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார். அதற்கு அடுத்த புதன்கிழமையிலிருந்து இப்போதுள்ள ஏற்பாடு நடக்கிறது. மூன்று மணிக்கு அமீர் ஜான் குல்லாவை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைத் திருப்பத்துக்குப் போய், வரிசையே இல்லாத இடத்தில் வரிசையின் கடைசி ஆளாக நிற்பார். கொஞ்ச நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். அந்த முகாமில் வெயில் கொளுத்தும்போது அவர் ஒருவர்மேல் மட்டும் ஏற்காட்டு மழை பெய்யுமாம். பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து அவரைச் சுற்றி வைத்துவிடுகிறார்களாம். அவரும் குடம் நிறையும்வரை நகராமல் நிற்பாராம். அஃப்சானா நாற்காலியோடு வரிசையில் நகர்ந்து நகர்ந்து கடைசியில் அவரிடம் வருவாள். வியாபாரிகள் சங்கம் முதலில் இதை விசாரிக்கத்தான் நினைத்தது. பிறகு புதன்கிழமைகளில் அவர் கடையை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் தீர்மானம் போட்டது. டூரிஸ்ட் யாராவது வந்து கடைக்காரர் எங்கே என்று கேட்டால் சந்திரசேகர் தன் கடையிலிருந்து எழுந்து வருவார்.

"பாப்பாவப் பாக்கப் போயிருக்காருங்க. ஆறு மணிக்கு வந்துருவாரு. உங்களுக்கு என்ன சைஸுங்க வேணும்?"