குரலுக்கு ஓய்வு

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள் நிற்க நேரமில்லாமல் சொல்லி அனுப்பியதை நோயாளிக்கு நிதானமாகப் புரியவைப்பது அவர் வேலை. மருந்து கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு இதயம், ஒரு முழங்கால், பாதியாகப் பிளந்து காட்டிய ஒரு தொண்டை. தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று குழம்புகிறவர், எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். சொல்லி முடித்ததும், "இப்ப நான் நோயாளி, நீங்க வாத்தியார். எனக்குச் சொல்லிக்கொடுங்க பாப்போம்" என்பார். தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவரை இந்தப் பொறுமை எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அங்கே கணக்குப் பாடம். சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும், ஒரு வகுப்பையே கட்டி மேய்க்கத்தான் பிடிக்காது. காலையில் மணி அடிக்கும்போதே கடைசி மணி எப்போது என்று இருக்கும். அவர் மனைவியும் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கோ வகுப்பு என்றால் உயிர். கடைசி பெஞ்சில் எவனாவது கண் அசந்தால், "என்னடா, கனவுல வகுத்தல் போடறியா? மீதி என்ன வந்துச்சு?" என்பாள். வகுப்பே சிரிக்கும். தூங்கினவனும் சேர்ந்து சிரிப்பான்.

மருத்துவமனை வேலை வந்தபோது பள்ளியில் பாதி வருஷம்தான் ஓடியிருந்தது. அவர் தயங்கினார்.

"நடுவுல விட்டுட்டுப் போனா என் பசங்கள யாரு பாக்கறது?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் அவள். "தினமும் காலைல நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுக் கிளம்பறத என்னால பாக்க முடியல. போங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. தலைமையாசிரியை இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கிக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டார். ஒரு பக்கம் மின்விசிறிகளின் இரைச்சல், மறுபக்கம் மைதானத்தின் கூச்சல். அத்தனைக்கும் மேலே கடைசி வரிசைவரை எட்டும்படி அவள் கத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வரும்போது குரல் கரகரக்கும். அப்புறம் கரகரப்பே குரலாகிவிட்டது. சாயங்காலத்தில் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தாள். வெந்நீர் ஆவி பிடித்தாள். கைப்பையில் எப்போதும் தொண்டை மாத்திரை இருந்தது. "பனி ஒத்துக்கல" என்பாள். பனிக்காலம் போன பிறகும் அதையேதான் சொன்னாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். மருத்துவமனையில் யார் வந்தாலும், "தொண்டைக் கட்டு ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா சும்மா இருக்காதீங்க, உடனே காட்டுங்க" என்று சொல்கிற அதே மனுஷர்தான். பிளாஸ்டிக் தொண்டையைத் திறந்து காட்டிச் சொல்வார். வீட்டில் நிஜத் தொண்டை ஒன்று கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்தது. கேட்டால், அவள் உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால், திரும்பிப் போக வேண்டி வரலாம். அவ்வளவுதான் காரணம். அவர் அதைத் தனக்குள்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் அவர் வெளியே ஒரு பயிற்சிக்குப் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அது ரத்தாகிவிட, வழக்கம்போல அறையில் வந்து உட்கார்ந்தார். முற்பகலில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது அவர் மனைவி.

இருவருமே திகைத்துப்போனார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"நீங்க இன்னைக்கு இருக்க மாட்டீங்கன்னு பாத்து வந்தேன்," என்றாள். குரல் உப்புத்தாளில் தேய்த்ததுபோல இருந்தது. "தொண்டை டாக்டர் இங்க அனுப்பினாரு. வாத்தியார்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கோங்கன்னாரு. நீங்கதான் பயிற்சிக்குப் போறேன்னு சொன்னீங்களே. வேற யாராவது உங்க இடத்துல இருப்பாங்கன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னாரு?"

"ஏதோ வளர்ந்திருக்காம். எடுக்கணுமாம். கெட்ட வளர்ச்சி இல்லையாம், பயப்படாதீங்க."

அவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் தொண்டையைத் தன் பக்கம் இழுத்து, திறந்து, இரண்டு குரல் நாண்களையும் காட்டினார். "கத்தக் கத்த இதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும். மோதற இடத்துல இப்படித் தடிச்சிரும்…" அதற்குமேல் வாய் வரவில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம் நடுவழியில் நின்றுவிட்டது.

அவள்தான் அவரைத் தேற்றினாள். "சொல்லுங்க வாத்தியாரே. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுப்பதும் கூடாது, அது பேசுவதைவிட மோசம். வீடு வெறிச்சென்று ஆகும் என்று அவர் நினைத்திருந்தார். நடந்தது வேறு. அவள் மேசையைத் தட்டினாள், கதவைத் தட்டினாள், கண்ணை உருட்டி மிரட்டினாள். மகள் மொழிபெயர்த்தாள். "அப்பா, துண்டை ஏன் கட்டில் மேல போட்டீங்கன்னு அம்மா கேக்கறாங்க. எனக்குப் புது செருப்பு வாங்கித் தரணும்னும் சொல்றாங்க." அம்மா மகள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த வாரம் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை கையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"அப்படியே திரும்பி வந்துடுங்களேன் சார்."

"டீச்சர் வர்றவரைக்கும் மேடம்," என்றார் அவர்.

கூடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் கேட்டாள்: "சார், டீச்சர் எப்ப சார் வருவாங்க?" அவர் பாடத்தை ஆரம்பித்தார். கடைசி வரிசையில் பேச்சு. குரலை உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார். முதல் பாட வேளை முடிவதற்குள் தொண்டை எரிந்தது. அவள் இதைத் தினமும், அவர் பங்கையும் சேர்த்துச் செய்திருக்கிறாள். சரி, இதையாவது நாம் சுமப்போம், திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே நின்றார். ஆனால் கடைசி மணி அடித்தபோது, தப்பித்தோம் என்றுதான் மனசு துள்ளியது. அந்தத் துள்ளலை அவரே கையும் களவுமாகப் பிடித்தார். வெட்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

வாரம் கழித்து டாக்டர் அவளைப் பேசச் சொன்னார். குரல் வந்தது, சின்னதாக, தணிவாக, இன்னொருத்தியுடையதுபோல.

"வீட்டுல பேசலாம், ஃபோன்ல பேசலாம்," என்றார் டாக்டர். "முழுநேர வகுப்பு மட்டும் வேண்டாம்மா. அது மறுபடி வளர்ந்தா இந்தக் குரலும் மிஞ்சாது."

"மைக் வெச்சுக்கிட்டா?"

"மைக் இருந்தாலும் நீங்க கத்துவீங்க. உங்களைப் பாத்தாலே தெரியுது."

அவள் மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சத்தமாக அழவும் பயம். தோள் மட்டும் குலுங்கியது. அவர் பக்கத்தில் கட்டைபோல உட்கார்ந்திருந்தார். வகுப்பே வேண்டாம் என்றவன் தப்பித்துவிட்டான். வகுப்புக்காகவே வாழ்ந்தவளிடமிருந்து அதைப் பிடுங்கியாயிற்று.

"எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "உன் தொண்டை போறது தெரியும். பனின்னு நீ சொன்னத நான் ஒரு நாளும் நம்பல. கேட்டா திரும்பிப் போகச் சொல்லுவியோன்னு கேக்காம இருந்துட்டேன்."

அவள் முந்தானையை விலக்கினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கேட்டிருந்தா, ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். "ஆனாலும் கேட்டிருக்கலாம்."

பேருந்து வந்தது. ஏறினார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில், ஒவ்வொரு பிள்ளையாக. ஓடிவந்து சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்ல வேலைதான். ஆனா நீங்க வாங்கிக் குடுத்ததா இருக்கக் கூடாது. நீங்க நிம்மதியாத் தூங்கறதுக்காக நான் ஒரு வேலைக்குப் போக முடியாது."

அவள் தானாகவே தேடினாள். பாடப்புத்தகம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் கணக்குப் புத்தகத்தைத் திருத்தும் வேலை கிடைத்தது. பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்து, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று சொல்ல வேண்டும். அதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை என்று சீக்கிரமே பேர் வாங்கினாள். பள்ளிக்கும் ஒரு வழியாகப் புது ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். தேர்வு முடியும்வரை சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புக்குத் தான் வந்து நடத்துவதாக இவர் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்பும்போதே கடைசி மணி எப்போது என்றுதான் இருந்தது. போனார்.

ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃபீஸ்ல எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் மரியாதையா நடத்தறாங்க." போர்வையை உதறினாள். "ஆனா புத்தகம் திருப்பிக் கேள்வி கேக்காது. புரியலன்னு மூஞ்சியைச் சுளிக்காது. சரியாப் போட்டாலும் சிரிக்காது."

அவர் போர்வையின் இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். வேறு பேச்சுக்குத் தாவிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றாள் அவள். பிறகு அவர் கையிலிருந்த மூலைகளை வாங்கி, மடிப்பை நேராக்கி, அலமாரியில் வைத்தாள்.